விக்டோரியாவுக்கு ஒரு காவல்காரன்

விற்க மாட்டேன். வெள்ளி விலை வானத்துக்குப் போனாலும் விற்க மாட்டேன். வானத்தைத் தாண்டிப் போனாலும் விற்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே நான் எடுத்த முடிவு இது. வாயில் நுரை இருந்ததால் என் மனைவிக்கு விளங்கவில்லை. துப்பிவிட்டு வந்து மறுபடியும் சொன்னேன். தீர்மானம் என்றால் எல்லோருக்கும் கேட்க வேண்டும் அல்லவா?

என் பெயர் ஏழுமலை. கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஸ்டோர் கீப்பர். நட்டு கேட்டு வருகிறவன் போல்ட்டைக் கண்ணில் காட்டினால்தான் நட்டு கிடைக்கும். பொருளைப் பூட்டி வைப்பது என் தொழில். எடுத்துக் கொடுப்பது எப்போதாவது நடக்கிற விபத்து.

வீட்டிலும் எனக்கு ஒரு ஸ்டோர் உண்டு. பெரிய பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே முழுக்கப் பழைய வெள்ளிக் காசுகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்க்கிறேன். மாணிக்கக்கல் தோண்டுகிறவர்களிடம் வாங்கியிருக்கிறேன். பழைய இரும்பு வாங்க வருகிறவர்களிடம் வாங்கியிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு மனைவிக்குச் சேலை எடுக்க இரத்தினபுரிக்குப் போய், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரோடு திரும்பி வந்தேன். இருந்தாலும் டின்னில் பாதிக்கு மேல் விக்டோரியா மகாராணிதான். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மகாராணிகள். ஒருத்தி டின்னுக்குள் பேசாமல் இருப்பாள். அவளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மற்றவள் விஜயகலா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஒன்றாகச் சேர்ந்து கத்துகிற ஒரு காம்பரா பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிவிடுவாள். நான் ஒற்றை ஆள்.

எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர் மர்சூக் நாநா. ரோட்டு முனையில், பேக்கரி வாசலில் ஹயருக்கு த்ரீவீல் போட்டிருப்பவர். நாங்கள் டவுனுக்குப் போக ஏறி உட்கார்ந்ததும் அவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"ஏழுமலை, வெள்ளி வெல தெரியுமா? ஏறிக்கிட்டே ஈக்கி. ஒங்கட டின்ன இப்ப வித்தா இந்த த்ரீவீலயே வாங்கிறலாம். எனக்கு முழங்கால் ஏலாது. இத யாருக்காவது குடுத்துட்டு வீட்டோட இரிக்கத்தான் பாக்குறன்."

சும்மா சொல்லியிருந்தால் பரவாயில்லை. விஜயகலா பக்கத்தில் இருக்கும்போது சொன்னார். அவள் அந்த வண்டியை ஹேண்டில் முதல் பின் டயர் வரை ஒரு தரம் பார்த்தாள். பொண்ணு பார்க்கப் போனபோது என்னைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"ஏங்க, மர்சூக் நாநா சொன்னத யோசிச்சீங்களா?"

"எத?"

"மேல் டிவிசன் புள்ளைங்க எல்லாம் நான் இடுப்புல தூக்கி வளத்ததுங்க. தோட்டத்து ஸ்கூல் முடிஞ்சு டவுன் ஸ்கூல் போகணும்னதும் பாதிப் புள்ளைங்க நின்னுருதுங்க. அந்த ரோட்டுக்கு பஸ் இல்ல. மழைன்னா அட்டைக்கடி. ஒரு த்ரீவீல் இருந்தா நானே கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துருவேன்."

"நீ ஓட்டுவியா?"

"உங்களையே இத்தன வருசமா ஓட்டுறேனே."

"கலா, நாணயத்த விக்கிறவன் நாணயமான மனுசன் இல்ல."

"சேலைக் காசுல ஜோர்ஜ் மன்னர வாங்கினவரு நாணயமான மனுசனா?"

விற்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் காலையில்தான் அந்த நுரைத் தீர்மானம். துப்பிவிட்டுச் சொன்ன இரண்டாம் தடவை அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"சரிங்க," என்றாள்.

நீங்கள் புதிதாகக் கல்யாணம் செய்தவராக இருந்தால் இதைக் கேட்டு மகிழ்ந்துபோவீர்கள். நான் பழையவன். அவள் சண்டை போட்டால் எனக்குத் தூக்கம் வரும். "சரிங்க" என்றால் தூக்கம் போய்விடும்.

அன்று முதல் அவள் என் பக்கம் வந்துவிட்டாள். என்னைவிட அதிகமாக என் பக்கம்.

"நீங்க சொன்னது சரிங்க. இவ்வளவு வெல போற பொருள வீட்டுல வச்சுட்டு கதவச் சும்மா சாத்துறதா?" என்று புதுப் பூட்டு வாங்கினாள். ஜன்னலுக்குக் கம்பி வைத்தாள். அத்தனையும் என் சம்பளத்தில். டின்னை அலுமாரிக்குள் வைத்து, அலுமாரிக்கு முன்னால் ஒரு நாயைக் கட்டினாள். நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் குசினியிலிருந்து, "துரை சாப்பிட்டாச்சா?" என்று அன்பாக ஒரு குரல் வந்தது. எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "இன்னும் இல்லம்மா," என்று போய் உட்கார்ந்தேன். தட்டு என்னைத் தாண்டிப் போனது.

அந்தத் துரை வாலாட்டாத ஆள் தோட்டத்தில் கிடையாது. தபால்காரனுக்கு ஆட்டும். கடன் கேட்டு வருகிறவனுக்கும் ஆட்டும். நான் அலுமாரிப் பக்கம் கையை நீட்டினால் மட்டும் உறுமும். என் விக்டோரியாவைப் பார்க்க நான் ஒரு நாயிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு இரத்தினபுரியில் என் மச்சான் வீட்டுக் கல்யாணம் வந்தது. சட்டையை அயர்ன் பண்ணி வைத்திருந்தேன்.

"நீங்க எங்க கெளம்புறீங்க?"

"கல்யாணத்துக்கு."

"அப்ப டின்ன யாரு பாக்குறது?"

"துரை இருக்கானே?"

"நாய நம்பியா மகாராணிய விட்டுட்டு வரப் போறீங்க?"

அவள் போனாள். நானும் துரையும் வீட்டில் இருந்தோம். கல்யாணத்தில் ஆட்டிறைச்சி பிரியாணியாம். நாங்கள் சம்பல் சாப்பிட்டோம். துரைக்கு மட்டும் அவள் ஒரு பார்சல் கொண்டுவந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் அதைவிட மோசம். கிளப்பில் கெரம் விளையாடப் போவேன். அதுவும் போயிற்று. அவளோ ஞாயிறு தவறாமல் மர்சூக் நாநாவின் மனைவி உம்மு குல்தூமிடம் தையல் பழகப் போனாள். திரும்பி வரும்போது தலைமுடி முழுக்கச் செம்மண் தூசி.

"தையல் வகுப்புல எப்படி இவ்வளவு தூசி?"

"பழைய மெசினுங்க."

நம்பினேன். ஸ்டோரில் பழைய மெஷின்கள் எவ்வளவு தூசி என்று எனக்குத் தெரியாதா?

இதற்கிடையில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே இருந்தது. ரோட்டு முனையில் கண்ட போதெல்லாம் மர்சூக் நாநா கையை மேலே தூக்கிக் காட்டுவார். இப்படியே போனால் ஒரு நாள் விழவும் கூடும் என்று எனக்கு லேசாகப் பயம் வந்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம்தானே? யாராவது என்னைக் கொஞ்சம் கெஞ்சினால் மனம் இரங்கி விற்றுவிடலாம் என்று காத்திருந்தேன். கெஞ்ச ஆள் இல்லை.

ஒரு சாயங்காலம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விஜயகலா எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லிர்றேன். வெல இன்னும் ஏறும்போல. ஏறினா ஏறட்டும். அந்த டின்ன விக்க நான் விடமாட்டேன்."

"நான்தான் விக்க மாட்டேன்னு அப்பவே சொல்லிட்டேனே."

"நீங்க சொல்றது வேற, நான் சொல்றது வேற. நாளைக்கு உங்களுக்கே விக்கணும்னு ஆசை வந்தாலும் விக்க முடியாது."

"ஏன் முடியாது? என் டின்."

"உங்க டின்தான். உத்தரவு என்னோடது."

"நான் நெனச்சா நாளைக்கே விப்பேன்!"

"நீங்களா?" என்று சிரித்துவிட்டு ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தட்டில் பாதி ரொட்டி மிச்சம் இருந்தது.

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஒரு ஆண்பிள்ளை தன் காசைத் தானே விற்க முடியாதா? ஃபெக்டரி ஸ்டோரையே கையில் வைத்திருக்கிறவன் ஒரு டின்னைக் கையில் எடுக்க முடியாதா? படுக்கும்போது முடிவு செய்துவிட்டேன். விற்பேன். வெள்ளி விலை பாதாளத்துக்குப் போனாலும் விற்பேன்.

காலையில் விஜயகலா வேலைக்குப் போகும்வரை காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். பிறகு ஓடிப்போய் பேக்கரியில், நாய்க்கு என்று சொல்லி மூன்று மாலு பாண் வாங்கினேன். மீன் வாசத்துக்குத் துரை மயங்கினான். அவன் முதல் பாணை முடிப்பதற்குள் அலுமாரியைத் திறந்தேன். இரண்டாவதை முடிப்பதற்குள் டின்னைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டேன். மூன்றாவதைக் கடிக்கும்போது நான் இரத்தினபுரி பஸ்ஸில் இருந்தேன்.

பஸ் முழுவதும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே போனேன். பக்கத்தில் இருந்த அம்மா இடம் மாறி உட்கார்ந்தார்.

கல்லோடு பழைய காசும் வாங்குகிற கடை நகருக்குள் ஜுனைதீன் ஹாஜியாருடையது ஒன்றுதான். நான் படி ஏறும்போதே வரவேற்றார்.

"வாங்க, இரிங்க. டீ குடிங்க. ஒங்களுக்குச் சீனி போடல்ல."

எனக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது என்பது இவருக்கு எப்படித் தெரியும்? அனுபவப்பட்ட வியாபாரி, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார் என்று வியந்தேன்.

காசுகளைப் பரப்பினார். நிறுத்தார். உரசினார். ஒரு விலை சொன்னார். நல்ல விலை. பஸ்ஸில் வரும்போது நான் பேரம் பேசத் தயார் செய்த வசனங்கள் எல்லாம் வீணாகப் போகக் கூடாதே என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் கொஞ்சம் பார்த்து..."

"இதுதான் பேசின வெல."

"யாரோட பேசின வெல?"

"மார்க்கட்டோட," என்றார் ஹாஜியார், டீயைப் பார்த்துக்கொண்டே.

கடைசியாக ஒரு விக்டோரியாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "ஆசைக்கு ஒண்ண வச்சிக்கங்களேன்."

மகாராணி என்னைப் பார்க்கவில்லை. காசில் இருப்பவர்கள் எப்போதும் பக்கவாட்டில்தான் பார்ப்பார்கள். விரலால் ஒரு தரம் தடவினேன். ஆனால் தீர்மானம் தீர்மானம்தான்.

"வேணாம் ஹாஜியார். எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

பணத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன். வாழ்க்கையில் முதன்முதலாக மனைவியின் உத்தரவை மீறியிருக்கிறேன். வெயில்கூட எனக்காகவே அடித்ததுபோல் இருந்தது.

வாசலில் சிவப்பு த்ரீவீல் ஒன்று நின்றது. பின்னால் மர்சூக் நாநா. அவர் பக்கத்தில் துரை. முன்னால், ஹேண்டிலைப் பிடித்தபடி, விஜயகலா.

"நீ எப்படி இங்க வந்த?"

"ஓட்டிட்டு."

"யாரு பழக்கினது?"

மர்சூக் நாநா இருமினார். "தையல் கிளாஸ்," என்றார்.

விஜயகலா லைசன்ஸை எடுத்துக் காட்டினாள். படத்திலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னைக்கு வருவேன்னு எப்படித் தெரியும்?"

"எனக்கே ஒரு மாலு பாண் வாங்கித் தராத மனுசன், காலங்காத்தால நாய்க்கு வாங்கினீங்களாம். நாநா பேக்கரி வாசல்ல நின்னு பார்த்துட்டு உடனே எனக்கு ஃபோன் கோல் எடுத்தாரு. நான் ஹாஜியாருக்கு எடுத்தேன். வெலயெல்லாம் போன கெழமையே பேசி வச்சாச்சு."

"நீதானே விக்கவே கூடாதுன்ன?"

"ஆமா. வித்துருங்கன்னு மொதல்ல சொல்லிப் பார்த்தேன். கேட்டீங்களா?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பையை மார்போடு அணைத்தேன். "இது என் காசு. ஒரு சதம் தரமாட்டேன்!"

விஜயகலா என்னை ஒரு பிள்ளைக்காம்பராப் பார்வை பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.

பையை மர்சூக் நாநாவிடம் கொடுத்துவிட்டேன்.

"முகத்த அப்படி வச்சுக்காதீங்க," என்றாள் அவள், குரலை இறக்கி. "வண்டிய உங்க பேர்லதான் எழுதப் போறோம். ஓனர் நீங்கதான். மேல் டிவிசன் புள்ளைங்க நாளையில இருந்து உங்க வண்டியிலதான் ஸ்கூல் போகப் போகுதுங்க."

ஓனர்! அந்தச் சொல் காதில் நன்றாகத்தான் இருந்தது. துரையைத் தள்ளிவிட்டு நடுவில் அமர்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஓட்டினாள். வளைவில் நிதானம், மேட்டில் வேகம். ரோட்டு முனையில் மர்சூக் நாநா பையோடு இறங்கிக்கொண்டார். மேல் டிவிசன் வளைவில் பிள்ளைகள் சிலர் ஸ்கூல் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள். விஜயகலா ஹோர்ன் அடித்தாள். அவர்கள் திரும்பிப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். நான் ஓனராகக் கையசைத்தேன். டின்னை நினைத்து வந்த வலி கொஞ்சம் குறைந்ததுபோல்தான் இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. முதலாளி இறங்குவதுபோல நிதானமாக இறங்கினேன். விஜயகலா எஞ்சினை நிறுத்தவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.

"இரத்தினபுரியில இருந்து ஏறி வந்ததுக்கு ஹயர் காசு. நோட்டா நீட்டாதீங்க, சில்லறையா குடுங்க."