ஈயம் தேர்ந்தெடுத்த தூண்டில் கோல்

அந்த இலையுதிர் காலத்தில் கருங்கடல் கரைக்குச் சூரை மீன் வந்து சேருமுன்பே வெலிச்கோ வந்து சேர்ந்துவிட்டார். பர்காஸ் நகருக்குத் தெற்கே, துறைமுகத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஐஸ்கிரீம் கடையை வாடகைக்குப் பிடித்தார். தூண்டில் கோல் விற்பதாக வாசலில் ஒரு பலகை மாட்டினார். "கோலை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கோல்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கிறது." அவ்வளவுதான், ஊர் ஆம்பளைகள் விடியுமுன் எழுந்து வரிசையில் நின்றார்கள். பல் விளக்கினார்களோ என்னவோ, பர்சை மட்டும் யாரும் மறக்கவில்லை.

கரையில் நின்று தகட்டு மீனை, அதாவது மீன் மாதிரி செய்த உலோக இரையை, வீசி மீன் பிடிக்கிறவனுக்குக் கோல் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அந்த ஊரில் தெரியாதவன் கிடையாது. கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் வீசலாம் என்று அச்சடித்திருக்கும். உன் தகட்டு மீனின் எடை அதற்குள் அடங்கினால் வாங்கு, அடங்காவிட்டால் வைத்துவிடு. இதில் ஞானம் எங்கே இருக்கிறது? காசுதான் எங்கே இருக்கிறது? அதனால் வெலிச்கோ ஈயத்தைக் காய்ச்சினார்.

பயந்த பிள்ளைக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஈயம் ஊற்றிப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். பிள்ளைக்குச் செய்வதை மீசை முளைத்தவனுக்கும் செய்தார் நம் மாஸ்டர். வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே சிவப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு வர வேண்டும், வழியில் யார் கண்ணும் படக்கூடாதாம். தலைக்கு மேல் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்து அதில் உருகிய ஈயத்தை ஊற்றுவார். உஸ்ஸென்று சத்தம் வரும், கோணல்மாணலாக ஒரு கட்டி கிடைக்கும். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு கறுப்புக் கோலோடு வருவார். அச்சடித்த எழுத்தின் மேல் சிவப்பு நூலை இறுகச் சுற்றித் தருவார். தொட்டில் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டுகிற அதே திருஷ்டி நூல். அவிழ்த்தால் கோல் செத்துப்போகும் என்று ஒரு மிரட்டலும் உண்டு.

சூரை கூட்டங்கூட்டமாக வந்தது. அலைதடுப்புச் சுவரில் நாற்பது ஆம்பளைகள் நாற்பது கறுப்புக் கோல்களை விசிறினார்கள். தகட்டு மீன்கள் காலடியிலேயே தொப்பென்று விழுந்தன. மீன் எட்டத்தில் துள்ளி விளையாடியது.

கோல் சரியில்லை என்று ஒருத்தனாவது சொல்ல வேண்டுமே. சொல்லவில்லை. மறுபடி வரிசையில் நின்று மறுபடி ஈயம் ஊற்றிக்கொண்டார்கள். இந்தத் தடவை ஈயம் காரணத்தையே சொல்லிவிட்டது. கோலின் மேல் பெண் கண் விழுந்திருக்கிறதாம். ஒருத்தனுக்குப் பெண்டாட்டி, ஒருத்தனுக்கு மாமியார். ஆண் கண் ஒன்றுகூட விழவில்லை. ஈயமே ஆம்பளை போலிருக்கிறது.

துறைமுகத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த ரடோஸ்தினாவின் வீட்டில் இடி விழுந்தது இப்படித்தான். அவள் புருஷன் கிராசிமிர் பஸ் ஓட்டுகிறவன். பழைய கோலைக் கார் கதவில் தெரியாமல் நசுக்கிவிட்டு வெலிச்கோவிடம் புதுசு வாங்கினான். ஒரு மீன்கூட விழவில்லை. மறுபடி ஈயம் ஊற்றிப் பார்த்து, கண் உன் பெண்டாட்டியுடையது என்றார் மாஸ்டர். பதினாறு வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவன், ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு, சீசன் முடியட்டும் என்று தம்பி வீட்டுக்குப் போய்விட்டான்.

அதோடு விட்டார்களா? அந்த ஈயக் கட்டியை மாஸ்டர் கடை வாசலில் தொங்கவிட்டு, ரடோஸ்தினாவின் கண் இதுதான் என்று காட்டினார். கோலோடு வருகிறவர்கள் அவளைக் கண்டால் பாதி வழியில் திரும்பினார்கள். முடி வெட்ட வரும் பெண்கள்கூடப் புருஷனுக்குப் பயந்து வராமல் நின்றார்கள். அவள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகை நின்று கோபம் வந்தது. அழுகையைவிட அது உபயோகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் நிரம்பி வழிகிற நேரம் பார்த்து, ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். நாற்காலியில் கனத்த கோட்டு, காலில் போர்வை, தலையில் சிவப்புத் துணி. கூட்டம் விலகி வழிவிட்டது. கிராசிமிரும் அங்கேதான் நின்றான், ஆனால் வேறு பக்கம் பார்த்தான்.

"என் கண்ணு கெட்டதுதான் மாஸ்டர், ஒத்துக்கறேன். ஸ்லிவன்லேருந்து எங்க மாமா வந்திருக்கார். வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. அவருக்காவது நல்ல கோலாப் பாத்துக் குடுங்க" என்றாள்.

வெலிச்கோவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஊரறிய ஒரு கெட்ட கண் தன்னைக் கெட்டதென்று ஒப்புக்கொண்டதே! கிண்ணத்தைப் பிடித்து ஈயத்தை ஊற்றினார். கட்டியை எடுத்துப் பெருமூச்சு விட்டார்.

"கல்யாணமானவர். பொண்டாட்டி வாய்க்காரி. அவ கண்ணு இவரோட வலது கையில விழுந்திருக்கு. இவருக்குன்னே ஒரு கோல் காத்துக்கிட்டிருக்கு" என்று சொல்லி உள்ளே போய் எடுத்துவந்து நூல் சுற்றினார். எல்லோருக்கும் காத்திருந்த அதே கறுப்புக் கோல்.

ரடோஸ்தினா துணியை உருவினாள்.

உள்ளே முடிவெட்டப் பழகும் பொம்மைத் தலை. அவள் கடை ஜன்னலில் நிற்குமே, அது. கோட்டுக்குள் இரண்டு தலையணை. வலது கையும் இல்லை, இடது கையும் இல்லை, பெண்டாட்டி நிச்சயமாக இல்லை.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் பிழைக்கத் தெரிந்தவன் நாக்குக்கு எலும்பா இருக்கிறது?

"பொம்மைதான். ஆனா அதுல ஒட்டின முடி யாரோ ஒரு பொம்பளையோடதுதானே? ஈயம் அவளைத்தான் காட்டுச்சு" என்றார் வெலிச்கோ.

அதானே என்றது பாதிக் கூட்டம். சத்தியமாக, அப்படித்தான் சொன்னார்கள்.

"அது நைலான் மாஸ்டர்" என்றாள் ரடோஸ்தினா. அவர் வாய் திறப்பதற்குள் கோலைப் பிடுங்கி, சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தாள். "நான் படிச்சா என் கண்ணு படும். நீயே படி."

கிராசிமிர் எழுத்தைப் பார்த்தான். காது வரை சிவந்தான்.

"நூத்தம்பதுலேருந்து முன்னூறு கிராம்" என்று முணுமுணுத்தான்.

"எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லு. நீ வீசற தகடு எவ்வளவு?"

"முப்பது."

"அப்ப இது எதுக்கான கோலு?"

"படகுல போய் ஆழத்துல இறக்கறது. கரையிலேருந்து வீசறதுக்கு ஆகாது" என்றான். நாற்பது பேருக்கும் தெரிந்த சேதிதான் அது. நாற்பது பேரும் தங்கள் கையாலேயே நூலை அவிழ்த்தார்கள். நாற்பதிலும் அதே எண். எங்கோ விற்காமல் கிடந்த படகுக் கோல்களை ஒரு மூட்டையாக வாங்கி, ஆளுக்கொன்றாக விதி எழுதிக் கொடுத்திருக்கிறார் மகான். அவர் பின்வாசலைத் தேடியபோது அங்கே பெண்டாட்டிகளும் மாமியார்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் கண் அன்றைக்கு உண்மையிலேயே நல்ல கண்ணாக இல்லை.

அன்று சாயங்காலம் கிராசிமிர் பையோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். கதவு தாழிட்டிருந்தது. ஏமாந்துவிட்டேன் ரடா, உள்ளே வரட்டுமா என்று கேட்டான்.

"என்னையா கேக்கறே? போய் ஈயத்தைக் காய்ச்சிக் கேளு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்லேன்னா அங்கேயே கொஞ்ச நேரம் நின்னு, சொந்தமா யோசிச்சுப் பழகு."