சத்தம் போடாத பந்தயம்

"போச்சு! மறுபடியும் முதல்லேர்ந்து படிக்கணும்!"

துணி அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது. பின்னாலேயே குரலுக்குச் சொந்தக்காரியும் வந்தாள். கையில் மைக், தோளில் கணவனின் பழைய ஸ்வெட்டர்.

தூக்கம் வராதவர்களுக்காகக் கதை படித்து, பதிவு செய்து அனுப்புவது அவள் வேலை. துணிகளுக்கு நடுவே உட்கார்ந்தால் குரல் எதிரொலிக்காது என்பதால் அலமாரிதான் அவளுடைய ஸ்டுடியோ. பகலெல்லாம் மாடி வீட்டில் டைல்ஸ் அறுக்கிறார்கள். சாயங்காலம்தான் கட்டடம் அடங்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கூடத்தில் அவள் கணவன் லேப்டாப்பில் கார் பந்தயம் ஓட்டுவான். கார் வேகம் பிடித்தால் லேப்டாப்புக்குள் இருக்கும் குட்டி ஃபேனுக்கும் வேகம் வந்துவிடும். உஸ்ஸென்று ஊதித் தள்ளும்.

"நான்தான் ஹெட்ஃபோன் போட்டிருக்கேனே?"

"உங்க காதுக்குப் போட்டிருக்கீங்க. என் மைக்குக்கு யார் போடறது? இதைப் பாருங்க."

ஃபோனில், அவள் படிக்கும் கதைகளை வெளியிடும் தயாரிப்பாளரின் செய்தி இருந்தது. 'பின்னணிச் சத்தம் விஷயமாகப் பேச வேண்டும். அடுத்த கதை வந்ததும் அழைக்கிறேன்.'

"இதுவரைக்கும் அனுப்பின எல்லாத்துலயும் இந்த இரைச்சல் விழுந்திருக்கு. யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சேன். பெரிய தொடர் ஒண்ணு எனக்குத் தர்றதாப் பேச்சு. எல்லாம் கையை விட்டுப் போயிடும் போலிருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

விளையாட்டை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவனுக்குத் தோன்றவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்று அடம்பிடிக்கும் லிஃப்ட்டுகளையெல்லாம் வழிக்குக் கொண்டுவருகிறவன் வீட்டில், உள்ளங்கை அகல ஃபேன் ஒன்று வாலாட்டுவதா?

"நீயும் படிப்பே, நானும் ஓட்டுவேன். சத்தம் மட்டும் இருக்காது. எழுதி வெச்சுக்கோ."

முதலில் லேப்டாப்பைத் தலையணைமேல் உட்கார வைத்தான். அடியில் காற்று போகாமல் அது கொதித்தது. ஃபேன் இன்னும் ஓங்கிக் கத்தியது. சூட்டைத் தணிக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தான். இப்போது இரண்டு ஃபேன்களும் போட்டி போட்டுக்கொண்டு கத்தின. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனான். அங்கே கொசு.

அலமாரிக் கதவு படாரென்று திறந்தது. "முயல் இப்பத்தான் கண்ணை மூடுது. நீங்க எதுக்குக் கைதட்டறீங்க?"

வேறு வழியில்லாமல், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மச்சானுக்கு ஃபோன் போட்டான்.

"மாமா, பூஸ்ட்டை நிறுத்திடுங்க."

"எந்த பூஸ்ட்டை?"

"பிராசஸர் பூஸ்ட். துளி வேலை வந்தாலும் உங்க பிராசஸர் தலைதெறிக்க ஓடுது. அதான் சூடு, அதான் சத்தம். பவர் செட்டிங்ஸ்ல போய் ஆஃப் பண்ணிட்டா அடங்கிடும். வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' அவனுக்கு அவ்வளவு சுலபமாக இல்லை. கூட வேலை செய்கிறவர்களோடு ஓட்டும் பந்தயம் அது. கடைசியாக வந்தவனை மறுநாள் ஸ்பேனரை நீட்டும்போதுகூடக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"லேப்டாப்புக்கே பூஸ்ட் கிடைக்குது. எனக்கு ஒரு டம்ளர் கலந்து கொடுக்க ஆளில்ல" என்றாள் மனைவி.

பல்லைக் கடித்துக்கொண்டு பூஸ்ட்டை நிறுத்தினான். உஸ்ஸென்றது முணுமுணுப்பாகி, முணுமுணுப்பும் ஓய்ந்தது. காரோ ஏறக்குறைய பழையபடியே ஓடியது. திருப்பங்களில் மட்டும் லேசாகத் தடுக்கியது. அட, இதற்குத்தானா இத்தனை பயந்தோம் என்று அவனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது.

உற்சாகம்தான் வினையாயிற்று. அவள் பதிவை எடுத்து வந்து போட்டுக் காட்டினாள். குகை வாசலில் நின்று முயல் மெல்லக் கேட்கிறது: "உள்ளே யார்?" உடனே பதில் வருகிறது: "பிரேக்கைப் போடுடா எருமை!"

"நானா பேசினேன்?"

"பின்னே முயலா பேசும்? இவ்வளவு நாளும் அந்த ஃபேன்தான் உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்கு."

வாயை மூடிக்கொண்டான். இப்போது அவனுடைய ஏற்றி இறக்கும் சுழல் நாற்காலி கிறீச்சிட்டது. லிஃப்ட்டுக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து நாற்காலிக்குத் தாராளமாக விட்டான். அது மெக்கானிக்கைச் சுமந்துகொண்டு சர்ரென்று தரைத்தளத்துக்கு இறங்கி, தொம்மென்று நின்றது. பதிவு மறுபடியும் பாழ்.

தரையில் உட்கார்ந்தான். கீபோர்டு படபடத்தது. அதன்மேல் துண்டை விரித்தான். எழுத்து தெரியாமல் எதையோ அழுத்த, கார் பின்னோக்கிப் பாய்ந்தது. அலறல் தொண்டைவரை வந்தது. அதற்குள் கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டான். கண்ணெதிரே ஒவ்வொருவனாகத் தாண்டிப் போனார்கள். முழி பிதுங்க, வேர்வை வழிய, ஒரு மூச்சுச் சத்தம்கூட வராமல், எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தான்.

அலமாரி திறந்தது.

"ஒரு பொட்டுச் சத்தம் இல்லைங்க! கண்ணாடி மாதிரி இருக்கு!"

வாய் நிறையக் கைக்குட்டையோடு அவன் கட்டைவிரலை உயர்த்தினான். இந்த மனுஷன் தனக்காகத் தோற்றிருக்கிறான் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு பிடிவாதக்காரனைக் கட்டிக்கொண்டதற்காக அன்றுதான் முதன்முறையாகச் சந்தோஷப்பட்டாள். கையோடு கதையை அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் காலை தயாரிப்பாளர் அழைத்தார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். வேலைக்குக் கிளம்பியவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கதை வந்துச்சு மேடம். முழுசாக் கேட்டேன்."

அவனால் பொறுக்க முடியவில்லை. "சத்தம் சுத்தமா இல்லைதானே சார்?"

"அதைப் பத்தித்தான் பேசணும்னு சொன்னேன். தொடர் உங்களுக்குத்தான் மேடம், ஆனா கேக்கறவங்க அத்தனை பேரும் பின்னாடி உஸ்ஸுன்னு பெய்யற அந்த மழைச் சத்தத்துலதானே தூங்கறாங்க, அதை ஏன் நிறுத்திட்டீங்க?"