துணி பார்க்கும் கேமரா

“ஏனுங்க, என்னங்க இது?”

கம்பெனிக்கு வந்த பார்சலைத் தெய்வாத்தாள் பிரித்தே விட்டாள். அவள் கணவர் மகுடேஸ்வரன் பதறி ஓடிவந்தார்.

அது தொலைநோக்கியில் மாட்டும் கேமரா. வானத்தில் நகரும் நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலேயே தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டிருக்கும். படத்தில் பொய்ப் புள்ளிகள் விழாமலிருக்கத் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும். பனியன் கம்பெனி முதலாளிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், ஆசைக்குத்தான்.

“மாடியில இருக்கற குழாய்க்கு இனியொரு திருகாணி வாங்கினாலும், அது பழைய இரும்புக்கடைக்குப் போயிருமுங்க” என்று வீட்டு மாடியிலிருக்கும் அவருடைய தொலைநோக்கியைப் பற்றிப் போன மாதம்தான் தெய்வாத்தாள் தீர்ப்புச் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

“துணி செக்கிங் கேமரா தெய்வா,” என்றார். “உன்ற சிநேகிதி சித்ராதேவி ஊட்டுக்காரர் வெச்சிருக்காரே, அதேதான்.”

சித்ராதேவியின் கணவர் சிவபிரகாஷ் ஏற்றுமதித் துணிக்குத் தரம் பார்ப்பவர். அவருடைய வெளிநாட்டுக் கேமராவின் பெருமையைத் தெய்வாத்தாள் சொல்லிச் சொல்லி மகுடேஸ்வரனுக்குக் காது புளித்திருந்தது.

அவள் முகம் மலர்ந்தது. “அப்ப இப்பவே போட்டுக் காட்டுங்க!”

செக்கிங் மேசையில் கறுப்புத் துணி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் டியூப்லைட். பழைய லென்ஸ் ஒன்றை மாட்டி, லேப்டாப்பில் இணைத்து, கேமராவைத் துணிக்கு மேலே பிடித்தார். ஒன்றும் தெரியாது, ஊட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்தார் பாவம்.

திரையில் ஆகாயமே விரிந்தது. துணியின் ஊசி ஓட்டைகளெல்லாம் நட்சத்திரமாக மின்ன, கேமரா அதிலொன்றைப் பச்சைக் கட்டத்துக்குள் கப்பென்று பிடித்துக்கொண்டது.

“ஏ ஆத்தி, இம்புட்டு ஓட்டையா!” செக்கிங் வேல்விழி வாயைப் பிளந்தாள். “எங் கண்ணுக்குத் தட்டுப்படவே இல்லையே!”

“போல்ட்டுப் போட்டு இங்கயே முறுக்கிருங்க,” என்றாள் தெய்வாத்தாள்.

மகுடேஸ்வரனுக்கு அழுகை வந்தது. “கம்பெனிச் சூடு இதுக்கு ஆகாது தெய்வா. இல்லாத ஓட்டையெல்லாம் காட்டும்.”

“அட்டையில கூலிங்னு போட்டிருக்குதுங்களே?” அவளே திரையில் தேடி அழுத்தினாள். பொய்ப் புள்ளிகள் மறைந்து, நிஜ ஓட்டைகள் இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

“அது... ரிப்பேராட்ட இருக்குது. திருப்பி அனுப்பிரலாம்.”

“ரிப்பேருங்களா? இருங்க, சிவபிரகாஷையே கூப்புடறேன். அவிநாசியிலதான் இருக்காராமா.”

மகுடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிஜமான செக்கிங் கேமரா வைத்திருப்பவர் கண்ணில் இது பட்டால் பொய் உடையும். தொலைநோக்கி இரும்புக்கடைக்குப் போகும்.

சிவபிரகாஷ் வந்தார். கேமராவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“செக்கிங் கேமராதானுங்க அக்கா,” என்றார் மென்று விழுங்கி. “ஆனா மெஷின் அதிர்வு தாங்காதுங்க. மொட்டைமாடியில வெச்சு, சாம்பிள் துணி மட்டும் பாக்கோணுங்க. இருட்டுன்னா ரொம்ப நல்லதுங்க.”

“அப்ப ஊட்டு மாடிக்கே கொண்டு போங்க,” என்றாள் தெய்வாத்தாள். “வேணும்னா அந்தக் குழாய் மேலயே மாட்டிக்கங்க. அதுக்கும் ஒரு வேலையாச்சு.”

கேமராவைக் காரில் ஏற்றும்போது மகுடேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. “என்னையக் காப்பாத்தறதுக்குப் பொய் சொன்னீங்களே தம்பி!”

சிவபிரகாஷ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்கள எங்கீங்கண்ணா காப்பாத்துனேன்? எங்கூட்டு மாடியில இருக்கறதும் இதே கேமராதானுங்க!”