நண்டிடம் அனுமதி கேட்டவன்

டமாலு! பழவேற்காடு ஏரியில் நீ அனுமதி கேட்காத உயிர் ஒன்று உண்டா? நண்டிடமே கேட்டவனாயிற்றே நீ!

டமால் என் பெரியம்மா மகன். என்னைவிடப் பத்து நாள் மூத்தவன், அதனால் அண்ணன். நான் எட்டாவதோடு நின்றேன். அவன் ஒன்பதாவதில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்ததால் தோணிரேவு கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு அவன்தான் மேதை. பகலில் இருவரும் ஏரியில் கையால் இறால் பிடிப்போம். சாயங்காலம் பழைய லேப்டாப்பில் போன் கேம் செய்வோம். படகில் போகிறவனை ராட்சச நண்டு துரத்தும். படம் நான், சத்தம் அவன். எப்படியாவது அதை வெளியிட்டுவிட வேண்டும், அது ஒன்றுதான் எங்கள் வெறி.

முதல் நாளே நான் மாட்டியிருப்பேன். ‘இலவச வெடிச் சத்தம்’ என்று ஏதோ ஒரு தளத்தில் பச்சை பட்டன் மினுக்கியது. அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டான்.

“இன்னாமே பண்ற? சத்தம்னா ஃபைல் பேரு கடைசில எம்பி3, வேவ்னு இருக்கணும். இது இன்ஸ்டால் பண்ணச் சொல்லுது. லேப்டாப்ப முழுங்கிடும்!”

வேறொரு தளத்தில் அருமையான வெடி கிடைத்தது. அவன் அதைக் கேட்கவே இல்லை. கீழே இருந்த பொடி எழுத்தை அகராதி ஆப் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் படித்தான்.

“சும்மா கேட்டுக்கலாமாம். கேம்ல போட்டு சம்பாரிக்கக் கூடாதாம்.”

“ஃப்ரீனு போட்டிருக்கேடா!”

“ஏரி கூடத்தான் ஃப்ரீ. அடுத்தவங்க பாடு நாள்ல போய் வல போடு, பாக்கலாம்.”

எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்று எங்கள் ஏரியில் முறை உண்டு, அதுதான் பாடு. மீறினால் ஊரே கூடிவிடும். அதை இன்டர்நெட்டுக்கே கொண்டுபோனவன் இவன் ஒருத்தன்தான்!

அதோடு விட்டானா? எடுக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அனுமதி. நன்றிப் பட்டியலில் பெயர். படகு இன்ஜின்காரர், மீன் வெட்டும் அக்கா, எல்லோரும் அதில் உண்டு. ஒரு நண்டிடம் போனை நீட்டி, “உன் சத்தத்த எடுத்துக்கட்டா?” என்றான். அது விரலைக் கவ்வியது. “ஒத்துக்கல” என்று தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த நண்டைத் தூக்கினான். பட்டியல் கேமைவிட நீளம்.

வெடிதான் அமையவில்லை. கடைசியில் காலி ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டு “டமால்!” என்று கத்திப் பதிவு செய்தான். முன்னும் பின்னும் இருந்த இரைச்சலை வெட்டினான். வேகத்தைக் குறைத்துக் கனமாக்கினான். சத்தத்தின் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடக்கினான். போட்டுக் காட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்தார். “சிலிண்டராடா?” அன்றோடு அவன் சொந்தப் பெயர் போயிற்று.

பிறகு மஞ்சள் காமாலை. பத்தே நாளில் போய்விட்டான். எனக்கு மூத்தவனாக இருந்தது எத்தனை நாளோ, அத்தனை நாள்.

மீதி வேலையை நான் முடித்தேன். வெளியிடத்தான் முடியவில்லை. பட்டியலில் எல்லோர் பெயருக்கும் எதிரே ‘ஒத்துக்கிட்டாங்க’ என்று எழுதியிருந்தான். ‘வெடி, டமால்’ என்பதற்கு எதிரே மட்டும் காலி. தன்னிடம் கேட்க மறந்துவிட்டான். அவன் சட்டத்தை நானா மீறுவது?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். இறால் உரித்துக்கொண்டிருந்தார்.

“பெரியம்மா, அண்ணன் சத்தத்த கேம்ல போட்டுக்கட்டா?”

போட்டுக் காட்டினேன். உரித்த இறால் கையிலேயே இருந்தது. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“போட்டுக்கோமே. கொறச்சி மட்டும் வெக்காத. எம் புள்ள சத்தம் அந்தாண்ட கரைக்குக் கேக்கணும்.”

எழுதிவிட்டேன்: ஒத்துக்கிட்டாங்க. கேம் வெளியே போய்விட்டது.

மாதா கோயிலோ, அம்மன் கோயிலோ, நீங்கள் எங்கே கும்பிட்டாலும் எங்கள் டமாலுக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். மனசுக்குள் வேண்டாம், வாய்விட்டே சொல்லுங்கள். அவன் காதில் விழட்டும்.