நாற்பதடி அகலத்தில் என் அக்கா

ஒமாஹா,
திங்கட்கிழமை

அன்புள்ள டார்லா அக்காவுக்கு,

தம்பி கிரேடி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் பூனையும் சுகம். நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ எப்படிச் சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்பது உன் ஆலை வாசலுக்கு எதிரே விளம்பரப் பலகையில் நாற்பதடி அகலத்தில் தெரிவதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். என் போன் எண்ணை நீ தடுத்துவிட்டாய், அதனால்தான் தபால்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். விளம்பர வாசகம் எழுதுகிறவன் அப்படிச் சொல்வது அபூர்வம், பொறுமையாகப் படி. உங்கள் பன்றிக்கறி ஆலையில் தொழிற்சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று வருகிற வியாழக்கிழமை வாக்கெடுப்பு என்று தெரிந்ததும், தொழிலாளிகள் ஆனந்தமாக இருப்பதாக ஊருக்குச் சொல்ல உன் முதலாளிகள் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். என் மேலாளர் கெண்ட்ரா என்னைக் கூப்பிட்டு, "கிரேடி, உங்க வீட்ல எல்லாருமே கறி வெட்டுறவங்கதானே? இதை நீதான்ப்பா எழுதணும்" என்றாள். நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன். ஆலையை ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, தரை வழுக்கும், எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பேற்க முடியாது என்றார்கள். அந்தத் தரையில் நீ பதினோரு வருடமாக நிற்கிறாய். நான் ஒன்பதாவது மாடியில் பீன் பேக் மெத்தையில் சாய்ந்து, ஓட்ஸ் பால் காபி குடித்தபடி உன் ஆனந்தத்தை எழுதினேன்: "இங்கே வேலை செய்வது வேலையாகவே தெரியவில்லை. வீடு மாதிரி இருக்கிறது."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். உண்மையான போட்டோ எடுக்கும்வரை, முகம் எங்கே வரும் என்று காட்ட ஏதோ ஒரு முகத்தை ஒட்டி வைப்போம், பிறகு மாற்றிவிடுவோம். நான் சோம்பேறி. என் போனில் முதலில் அகப்பட்டது தேங்க்ஸ்கிவிங் விருந்தில் எடுத்த உன் படம். நான் கிரேவியை என் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாயே, அதுதான். அடியில் 'டார்லா, எலும்பு நீக்கும் பிரிவு, பதினோரு ஆண்டுகள்' என்றும் போட்டேன், உண்மை மாதிரி இருக்கட்டுமே என்று. உங்கள் ஆலையின் துணைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "யாருங்க இந்தப் பொம்பள, நடிகையா? அசல் தொழிலாளி மாதிரியே இருக்காங்களே! இவங்களையே போட்டுடுங்க." பதினோரு வருடம் அவருக்கு உழைத்த உன்னை அவர் நடிகை என்று நினைத்தார், அக்கா. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று விட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பாராட்டிக் கேக் வெட்டினார்கள். வாய் நிறையக் கேக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? மறுநாள் சொன்னேன். ஆலையின் வக்கீல் உன் கோப்பைப் புரட்டி, வேலைக்குச் சேர்ந்த அன்று நீ கையெழுத்துப் போட்ட நாற்பது பக்கத்தில் 'என் படத்தைப் பயன்படுத்தலாம்' என்பதும் இருக்கிறது என்றார். எல்லோரும் எனக்காகச் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். சங்கத்துக்காக வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவள் நீ. உன் தோழி ரோசால்பா அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்பும், "வீடு மாதிரி இருக்காமேடி! அப்போ உன் கட்டிலையும் தூக்கிட்டு வந்து இங்கேயே போட்டுக்க. எங்களை எதுக்குடி கூட்டத்துக்கு இழுத்த?" என்று கேட்டாளாமே. போனில் நீ அழவில்லை, கத்தினாய். "என்னை விலைக்கு வாங்கிட்டாங்கன்னு நெனைக்கிறாங்கடா. கத்தி புடிச்சுப் புடிச்சு விரல் மடங்க மாட்டேங்குது, சட்டைக்குப் பொத்தான் போடப் பொண்ணைக் கூப்புடுறேன். அதை எழுதுனியாடா நீ?" அதற்கு நான் சொன்ன பதில்: "ஆனா அக்கா, அந்த வரி ஜனங்ககிட்ட நல்லா எடுபட்டிருக்கு." நீ போனை வைத்துவிட்டாய். நானாக இருந்தால் போனை உடைத்திருப்பேன்.

மன்னிப்புக்கூட எனக்கு ஒழுங்காகக் கேட்க வரவில்லை. முதலில் எழுதியதைப் பக்கத்து மேஜைக்காரனிடம் காட்டினேன். "ரொம்ப நீளம்டா. 'மன்னிச்சிடு'ன்னு ஒரே வார்த்தை, பெரிய எழுத்துல, கீழ ஒரு போன் நம்பர்" என்றான். அதையும் ஐந்து நிமிடம் யோசித்தேன். இந்த நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். 'அந்த வாக்கியம் நான் எழுதியது. டார்லா ஒருபோதும் அப்படிச் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை' என்று என் முழுப்பெயர், கம்பெனி பெயர், கையெழுத்தோடு. புதன்கிழமைச் சங்கக் கூட்டத்தில் அதைச் சத்தமாகப் படி. ரோசால்பாவையே படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரு பத்து ஓட்டாவது திரும்பும். என் வேலை போகும், போகட்டும்.

உன் விரல்கள் சீக்கிரம் மடங்கட்டும். மாமாவுக்கும் குழந்தைக்கும் என் அன்பு. நீங்கள் ஜெயிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வெட்கங்கெட்ட உன் தம்பி,
கிரேடி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கெண்ட்ரா வந்தாள். எனக்குப் பதவி உயர்வாம். தனி அறை, ஜன்னலோடு. வியாழக்கிழமை அறிவிக்கிறார்கள். அதனால் அந்தத் தாளை மட்டும் இப்போதைக்கு எடுத்து வைத்துக்கொண்டேன். கோபப்படாதே அக்கா. வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக அனுப்பிவிடுகிறேன்.