கோடை முகாமில் ஒரு முந்திரிக்கொட்டை

அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்குத் தான் பதில் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று நம்பும் ஓர் இனம் இந்த உலகத்தில் உண்டு. உங்களுக்குத் தெரியாதவர்களா என்ன? பேருந்தில் நடத்துநரிடம் நீங்கள் வழி கேட்டால், அதுவரை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் பின் இருக்கையிலிருந்து எழுந்து சொல்வாரே, அவர்தான். மருத்துவர் நோயாளியைப் பார்த்து "எங்க வலிக்குது?" என்றால், "முட்டிலதான் டாக்டர், ராத்திரி பூரா ஒரே முனகல்" என்று கூட வந்தவர் சொல்வாரே, அவரும்தான். பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கொட்டையைப் பார்த்து, நம் முன்னோர் இவர்களுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் முந்திரிக்கொட்டை மருந்துக்கடை வைத்திருக்கிறார். "அண்ணே, தலைக்கு..." என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், தலைவலி மாத்திரையும் தைலமும் உறைக்குள் போய், அதை எப்போது சாப்பிட வேண்டும், எப்போது தடவ வேண்டும் என்ற உபதேசமும் முடிந்திருக்கும். வந்தவர் கேட்க வந்தது பேன் சீப்பு. இதனால் வியாபாரம் படுத்துவிட்டதா? அதுதான் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகிற சாதுக்களுக்கு உலகத்தில் பஞ்சமா?

அவருக்கு ஒரே மகள், பதினோராம் வகுப்பு. பக்கத்துக் கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடைக் கலை முகாம் நடத்தினார்கள். நாடகம், ஓவியம், வரலாறு, தத்துவம் என்று எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சேர்க்கை நாளில் பேராசிரியை மகளைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு எதுலம்மா ஆசை?"

"நாங்க வரலாறு மேடம்."

"பொண்ணு சொல்லட்டுமே சார்."

"அவளும் இதையேதான் சொல்லுவா. கொஞ்சம் கூச்ச சுபாவம்."

நாடகம் என்று சொல்லத் திறந்த வாயை மகள் மூடிக்கொண்டாள். கூச்சமாம் கூச்சம்! கண்ணாடி முன்னால் நின்று ராணியாகவும் கொள்ளைக்காரியாகவும் மாறி மாறிப் பேசித் தீர்க்கிற பெண்ணுக்கு ஏது கூச்சம்? வீட்டில் பேச இடம் கிடைத்தால்தானே!

ஆக, வரலாறு. அங்கே ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் யாராவது ஒருவரிடம் அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலைச் செல்போனில் பதிவு செய்ய வேண்டும். கேட்டபின் குறுக்கே பேசக் கூடாது. நிறைவு நாளில் அதை அரங்கில் எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். மகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அம்மாவிடம் கேட்க அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. இத்தனை நாள் இதை எப்படிக் கேட்காமல் இருந்தோம் என்று அவளுக்கே ஆச்சரியம். பதிலைத் தெரிந்துகொண்டே தீர வேண்டும் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா செய்தித்தாளுக்குள் இருந்தார்.

"அம்மா, என் வயசுல நீ என்னவாகணும்னு ஆசைப்பட்டே?"

"அது வந்து..."

"டீச்சர்தான்!" என்றது செய்தித்தாள். "வேற என்ன? அவங்க அப்பா படிக்க வெச்சிருந்தா இந்நேரம் ஹெட்மிஸ்ட்ரஸ்."

"இல்லீங்க, அது..."

"அதான் சொல்றேன்ல! என்னையே எடுத்துக்கோ..." என்று அவர் தன்னையே எடுத்துக்கொண்டார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை. தன் பள்ளிக்கூடம், தன் முதல் சைக்கிள், கடை திறந்த கதை. குறுக்கே பேசக் கூடாது என்பது விதியாயிற்றே, மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பதிவு செய்தாள். அப்பா கடைக்குப் போனபின் மறுபடி கேட்டுப் பார்த்தாள். "அதான் அப்பா சொல்லிட்டாரே, விடுடீ" என்று அம்மா துணிகளை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள். மகளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நிறைவு நாள். நம்மவர் மனைவியோடு முதல் வரிசையில் இடம்பிடித்து, "நம்ம குரல்தான் வரப்போகுது" என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு அறிவித்துவிட்டார். மகள் மேடையேறி, "எங்க அம்மாவோட கதை" என்று சொல்லிப் பதிவை ஓடவிட்டாள். அரங்கம் சிரித்தது. நம்மவரும் சிரித்தார், நகைச்சுவையாகத்தானே பேசியிருக்கிறார்! ஒவ்வொரு தடவையும் தன் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் "அது வந்து..." என்று எழுந்து அமுங்குவது அப்புறம்தான் அவர் காதில் விழுந்தது. அவர் சிரிப்பு நின்றது. அரங்கம் நிறுத்தவில்லை.

மகள் மைக்கோடு கீழே இறங்கி அம்மாவிடம் வந்தாள். "அம்மா, அதே கேள்விதான். என்னவாகணும்னு ஆசைப்பட்டே?"

அப்பாவின் வாய் பழக்க தோஷத்தில் திறந்தது.

"அப்பா, அம்மாவைத்தான் கேட்டேன்."

பாவம், மனிதர் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அம்மா மைக்கை வாங்கினாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். பேசுவதற்கு முன்னால் நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"கப்பல்ல வேலை பாக்கணும்னு ஆசை," என்றாள். "டிக்கெட் குடுக்குற வேலை இல்ல. கீழ, இன்ஜின் ரூம்ல. கை பூரா எண்ணெயா இருக்கணும். இப்பவும் வீட்டுல மிக்ஸி ரிப்பேரானா எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருக்கும்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா பொத்திய கையை மெல்ல எடுத்தார்.

"இத்தனை வருஷமா எனக்கு இது தெரியாதே?"

"யாரு கேட்டா?" என்றாள் அம்மா. மைக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

சரி, அவரை விடுங்கள். அந்த அம்மாள் மைக்கை வாங்கிக்கொண்டு தயங்கி நின்றாளே, அந்த இடைவெளியில் 'பாட்டுக்காரி', 'டாக்டர்', 'நர்ஸ்' என்று அவளுக்குப் பதிலாக மனசுக்குள் ஒரு விடை சொல்லிப் பார்த்தீர்கள்தானே? மறுக்காதீர்கள். இனி உங்கள் வீட்டில் யாரிடமாவது யாராவது ஏதாவது கேட்டால், உடனே ஒரு வாய் தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றிக்கொள்ளுங்கள். விழுங்கிவிடாதீர்கள்.