அபூர்வத்துக்கு இருபது பேர்

மக்கள் சாப்பிடுவது உடம்புக்குள் போய் என்ன ஆகிறது என்று ஆராய்வதற்காக, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு மையம் திறக்கப்பட்டது. 'வளர்சிதை மாற்ற மரபு நோய் ஆய்வு மையம்' என்று பெயர். பலகையைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அதுவே முதல் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரர் உள்ளே போனார். அவருடைய மூன்று வயது மகளுக்குப் புரதம் ஆகாது. பால், பருப்பு, முட்டை எது உள்ளே போனாலும் விஷமாகி மூளையைக் கெடுக்கும். மையத்து டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்து அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பதோடு அவர் வேலை முடிந்தது. குழந்தையைக் காப்பாற்றும் தனிப் பால்மாவைக் கொடுப்பது பிரிவு அலுவலர் வேலை. டாக்டரம்மா மாதிரிக்குக் கொடுத்ததில் வீட்டில் இரண்டு டப்பா மிச்சம் இருந்தது. பன்னிரண்டு நாள் வரும்.

"இந்த நோய் எத்தனை பேருக்கு இருக்கு?" என்றார் அலுவலர்.

"ஊர்லயே என் பொண்ணுக்கு மட்டும்தான் சார்."

அலுவலர் பேனாவை மூடினார். "அப்ப முடியாதே. அபூர்வ நோய்னு பதியணும்னா குறைஞ்சது இருபது விண்ணப்பம் வேணும்."

"இருபது பேருக்கு இருந்தா அது எப்படி சார் அபூர்வம்?"

"ஒருத்தருக்கு மட்டும் இருந்தா அது உங்க சொந்த விஷயம். மத்தவங்க சொந்த விஷயத்துல அரசாங்கம் தலையிடாதுங்க." குரலில் அப்படியொரு கண்ணியம். "பரம்பரை நோய்தானே? சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. பத்தொன்பது பேர் தேறாமலா போயிடுவாங்க?"

தையல்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "நம்ம வம்சத்துல கல்லைத் தின்னாலும் செரிக்கும்டா, இது உன் பொண்டாட்டி வழி" என்றாள் அவருடைய அக்கா. "எங்க பக்கம் அதெல்லாம் கிடையாது மாமா" என்று மச்சான் கதவைச் சாத்தினான். ஆளுக்குப் பாதியாக இரண்டு பக்கமும் கொடுத்தது என்று டாக்டரம்மா படம் போட்டே காட்டியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வீடும் சரிசமமாகக் கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதைக் கொடுக்கவே இல்லை என்று இரண்டு வீடும் சாதித்தன.

எட்டு நாள் ஓடிவிட்டது. அன்றைக்கு மைய இயக்குநரின் மனைவி துணி தைக்க அளவு கொடுக்கக் கடைக்கு வந்தார். தையல்காரருக்கு எங்கிருந்துதான் அந்தப் பொய் வந்ததோ!

"பழைய பெரிய வம்சங்களுக்குத்தான் வருமாம்மா இந்த நோய். எங்களுக்கு எப்படி வந்துச்சுன்னே தெரியல."

இயக்குநரம்மா அளவு நாடாவுக்குள்ளேயே திரும்பினார். "எங்க வீட்டுக்காரருக்கும் முட்டை சாப்பிட்டா ஒரு மாதிரி பண்ணுதுப்பா!"

"பாத்தீங்களா!"

மறுநாளே மையத்து வாசலில் கார்கள் நிற்க இடமில்லை. ஒருவருக்கும் நோய் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். இயக்குநர் அதை ஏற்கவில்லை. ஆராய்ச்சிக்குத் திறந்த மனம் வேண்டும் என்று சொல்லி, 'நோயற்ற நோயாளி' என்று புதிய பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, முதல் சான்றிதழைத் தானே எடுத்துக்கொண்டார். விருந்துகளில் முட்டையைப் பெருமூச்சோடு ஒதுக்குவது நாகரிகமாயிற்று. சான்றிதழ் கிடைக்காதவர்கள் வெளியே தலைகாட்டவே கூசினார்கள். சான்றிதழோடு கொடுத்த பால்மாவு டப்பா வீட்டுக் கண்ணாடி அலமாரியில், கோப்பைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தது. ஒருவரும் குடிக்கவில்லை. அதன் வாடைக்குப் பூனைகூடக் கிட்டே வராது.

பன்னிரண்டாம் நாள் தையல்காரர் மூச்சிரைக்க ஓடினார். அலுவலர் எழுந்து கைகொடுத்தார்.

"முந்நூத்திப் பன்னிரண்டு விண்ணப்பம்! அசத்திட்டீங்க!"

"அப்ப டப்பா சார்?"

"இருநூறைத் தாண்டினா அது சாதாரண நோய். திட்டத்துல வராதே."

"வந்த டப்பாவெல்லாம்?"

"பணி மூப்புப்படி குடுத்தாச்சு. உங்க பொண்ணுக்கு மூணு வயசுதானே, மூப்புக்கு எங்க போறது?"

தையல்காரருக்கு அந்த ஆளைக் கத்தரியாலேயே இரண்டாக வெட்டலாம் போலிருந்தது. வீட்டில் மனைவி கடைசிக் கரண்டி மாவைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். நேராக இயக்குநரம்மா வீட்டுக்குப் போய், தைத்த துணியைக் கொடுத்தார்.

"நல்லவேளைம்மா, உங்க வீட்ல அந்த டப்பா இல்லையே?"

"ஏன்?" என்றார் அலமாரியை மறைத்துக்கொண்டு.

"டப்பா இருக்கிற வீட்ல சம்பந்தமே வேணாம்னு பேசிக்கிறாங்க. மூணு இடத்துல நிச்சயம் முறிஞ்சு போச்சாம்."

இயக்குநரம்மாவுக்குக் கல்யாண வயதில் மகன் இருந்தான்.

பொழுது விடிந்தபோது தையல் கடையின் கதவைத் திறக்க முடியவில்லை. சாக்கில், பெட்டியில், தலையணை உறையில் என்று வாசல் முழுக்க டப்பாக்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்த பிரிவு அலுவலர், "யாரோ எங்க வீட்டுத் திண்ணை மேல வச்சிட்டுப் போயிட்டாங்க" என்று நான்கைத் தள்ளிவிட்டுப் பறந்தார். முந்நூற்றுப் பதினொரு விண்ணப்பங்களும் வாபஸ் ஆயின. எஞ்சிய ஒன்று சொந்த விஷயம். ஆகவே நோய் அடியோடு ஒழிக்கப்பட்டது என்று மையம் அறிவித்தது. விருது வாங்கப் போகும் இயக்குநர், கோட்டுக்கு அளவு கொடுக்க வந்தார். தையல்காரர் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுத்தார்.

அன்று சீக்கிரமே கடையைப் பூட்டிவிட்டுத் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மகள் வாயைச் சுற்றி வெள்ளை மீசையோடு குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மனைவி மட்டும் ஈரத்துணியும் பிளேடுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டியிருந்த பால்மாவின் பேரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"டப்பா இருக்கிற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாமே, ஊரே பேசுது. நமக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல? எந்தப் பாவி கிளப்பி விட்டானோ, அவன் வாயில புழு வைக்க!"

தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு டப்பாவை எடுத்து மடியில் வைத்துச் சுரண்ட ஆரம்பித்தார்.